பாய்மரத்தின் பாரம் எங்கே இறங்குகிறது?

லிங்கராஜபுரத்தில் பழைய வீடொன்றின் நடுச்சுவரை எடுத்துவிட்டுக் கூடத்தைப் பெரிதாக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள கொத்தனார் வந்தவுடன் சம்மட்டியைக் கையில் எடுப்பதில்லை. முதலில் அண்ணாந்து பார்க்கிறார். உத்திரம் எந்தச் சுவரின்மீது அமர்ந்திருக்கிறது, அதன் பாரம் எவ்வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று ஆராய்கிறார். பிறகு உத்திரத்திற்கு முட்டுக் கொடுக்கிறார். அதன் பின்னரே சுவரில் கை வைக்கிறார். இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள் வீட்டையும் இழந்திருக்கிறார்கள், சில வேளைகளில் உயிரையும் இழந்திருக்கிறார்கள்.

நிலத்தில் நிற்கும் வீட்டுக்குரிய இவ்விதி, நீரில் மிதக்கும் பாய்ப் படகுக்கும் பொருந்தும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வீட்டின் பாரம் கல்லும் மரமும் ஆகிய பொருள்களின் எடையால் உண்டாவது. அதைக் கண்ணால் கண்டு மதிப்பிடலாம். படகின் உள்ளறையில் இறங்கும் பாரமோ பெரும்பாலும் எடையால் உண்டாவதன்று. மேல்தளத்திற்கு வெளியே இறுக இழுத்துக் கட்டப்பட்ட கம்பிவடங்களால் உண்டாவது. ஆகவே உள்ளறையில் பலகையைப் பெயர்ப்பவர் வெளியிலுள்ள வடத்தை மறந்துவிட்டால் இடர் நேர்கிறது. உள்ளே பழுது பார்க்கும்போது வடங்களை எவ்வாறு தளர்த்துவது, வேலை முடிந்ததும் எவ்வாறு மீண்டும் இறுக்குவது என்பதே இவ்வுரையின் பொருள்.

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் வாழும் தமிழர்க்குப் பாய்ப் படகோடு என்ன உறவு என்று கேட்கலாம். லிங்கராஜபுரத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள அல்சூர் ஏரியின் பக்கம் சென்றவர்கள் மதராஸ் பொறியாளர் படையின் தலைமையகத்தைக் கண்டிருப்பார்கள். 1780-ஆம் ஆண்டில் தோன்றிய அப்படையின் வீரர்களைத் 'தம்பிகள்' என்று அன்போடு அழைப்பது இன்றும் வழக்கம். அப்படை நமது இராணுவத்தின் பொறியாளர் பிரிவைச் சேர்ந்தது. அந்தப் பொறியாளர் பிரிவினர்தாம் 1985 முதல் 1987 வரை 'திரிஷ்ணா' என்னும் 37 அடிப் பாய்ப் படகில் உலகைச் சுற்றி வந்தார்கள். பாய்ப் படகில் உலகைச் சுற்றிய முதல் இந்தியப் பயணம் அது. அண்மையில் நமது கடற்படையின் 'தாரிணி' என்னும் 56 அடிப் படகில், 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, 2025 மே 29-ஆம் நாள் உலகைச் சுற்றித் திரும்பிய பெண் அதிகாரிகள் இருவர். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. துணைக்கு மூன்றாமவர் இல்லாத அப்பயணத்தில், அவர்களுடைய உயிர் தொங்கியது பாய்மரத்தைப் பிடித்து நின்ற சில கம்பிவடங்களில் என்று சொன்னால் அது மிகையாகாது. நம் வீட்டுப் பிள்ளைகளும் நாளை அப்படிப்பட்ட படகில் ஏறக்கூடும். கோவா, மும்பை, கொச்சி முதலிய இடங்களில் படகுத் தொழிலில் சேரவும் கூடும். ஆதலின் இதனை அறிந்துவைத்தல் வீணன்று.

இனிப் படகின் அமைப்பைக் காண்போம். திருவிழாவுக்கு நட்ட உயர்ந்த மூங்கிலை நான்கு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துவதைப் பார்த்திருக்கிறோம். பாய்மரமும் அவ்வாறே நிற்கிறது. படகின் மூக்கிலிருந்து மரத்தின் உச்சியை நோக்கிச் செல்வது முன்வடம். பின்புறத்திலிருந்து செல்வது பின்வடம். இடப்புறமும் வலப்புறமும் பிடித்திருப்பவை பக்கவடங்கள். அவற்றுள் உச்சிவரை செல்வது மேற்பக்கவடம். மரத்தின் நடுப்பகுதியைப் பிடிப்பது கீழ்ப்பக்கவடம். ஒவ்வொரு வடத்தின் அடியிலும் டர்ன்பக்கிள் எனப்படும் இழுப்புத் திருகு உண்டு. அதன் இரு முனைகளிலும் எதிரெதிர்த் திசையில் மரை வெட்டியிருப்பதால், நடுவிலுள்ள உடலைத் திருப்பினால் இரு முனைகளும் ஒருங்கே நெருங்கும் அல்லது விலகும். அத்திருகின் கீழ்முனை, பிடிதகடு என்னும் உலோகப் பட்டையில் மாட்டப்பட்டிருக்கும். அப்பட்டை மேல்தளத்தைத் துளைத்து உள்ளே இறங்கிப் பெரும்பாலான படகுகளில் குறுக்குத் தடுப்புப் பலகையோடு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும்.

பாய்மரத்தின் அடி இருவகையாக அமையும். சில படகுகளில் அது மேல்தளத்தைத் துளைத்துச் சென்று, ஏரா என்னும் அடிமரத்தின்மீதே நிற்கும். வேறு சில படகுகளில் மேல்தளத்தின்மீது நிற்கும். அதற்கு நேர் கீழே உள்ளறையில் ஒரு தாங்குகாலோ குறுக்குத் தடுப்போ இருந்து பாரத்தை ஏராவிற்கு இறக்கும். இந்த இரண்டாம் வகையில்தான் இடர் மிகுதி. உள்ளறையைச் சீர்செய்ய வருபவருக்கு அத்தாங்குகால் இடத்தை அடைக்கும் வெறும் தூணாகத் தோன்றும். அக்குறுக்குத் தடுப்பு அலமாரியின் பக்கப் பலகையாகத் தோன்றும். உண்மையில் அவை வீட்டின் நடுச்சுவரைப் போன்றவை.

அவற்றின்மீது எவ்வளவு விசை இறங்குகிறது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். பத்து மீட்டர் நீளப் படகொன்றில் 6 மில்லிமீட்டர் கனமுள்ள துருவேறா எஃகு வடம் இருப்பதாகக் கொள்வோம். பத்தொன்பது கம்பிகளை ஒன்றாக முறுக்கிய அத்தகைய வடம் ஏறத்தாழ மூன்று டன் இழுப்பில் அறும். அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு இறுக்கி வைத்தால், ஒரு வடம் மட்டும் ஏறத்தாழ 450 கிலோகிராம் விசையோடு இழுக்கிறது. இத்தகைய வடங்கள் ஆறேழு சேர்ந்து இழுக்கும்போது, படகு துறையில் அசையாது நிற்கையிலேயே பாய்மரத்தின் அடி இரண்டு, மூன்று டன் விசையோடு கீழே அழுத்தப்படுகிறது. காற்றில் படகு சாய்ந்து ஓடும்போது அவ்விசை இன்னும் மிகும். பாய்மரத்தின் சொந்த எடையோ நூறு கிலோகிராமை ஒட்டியதே. எனவே தாங்குகாலை அறுப்பதற்கு முன் நீக்க வேண்டியது முதலாவதாக வடத்தின் இழுப்பு. மரத்தின் எடை அதற்கு அடுத்தது.

எல்லாப் பழுதுக்கும் வடத்தைத் தளர்த்த வேண்டுவதில்லை. வண்ணம் பூசுதல், மெத்தை மாற்றுதல், பாரம் தாங்காத அலமாரியைப் பெயர்த்தல் முதலியவற்றிற்கு அது தேவையன்று. பிடிதகடு நுழையும் துளை வழியாக மழைநீர் கசிந்து குறுக்குத் தடுப்பு உளுத்துப்போயிருந்தால் தேவை. தாங்குகாலின் அடி மக்கியிருந்தாலும், பாய்மரத்தின் கீழே மேல்தளம் குழிந்திருந்தாலும் தேவை. உள்ளறைக் கதவு முன்போல் மூடாமல் சட்டத்தில் இறுகுமாயின், அது தச்சுக் குறையாக மட்டும் இராது. மேலிருந்து தளம் அமுங்குவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். கதவின் விளிம்பை இழைக்கும் முன் தளத்தைச் சோதிப்பதே அறிவுடைமை.

தாங்குகாலையே முற்றிலும் எடுக்க வேண்டியிருந்தாலும், இருபுறப் பிடிதகடுகளையும் ஒருங்கே கழற்ற வேண்டியிருந்தாலும், பாரந்தூக்கியால் பாய்மரத்தை இறக்கிவிட்டு வேலை செய்வதே நேர்வழி. செலவு மிகும் என்று தயங்கலாம். பாய்மரம் சாய்ந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிது. மரத்தை நிற்கவிட்டே செய்யக்கூடிய வேலைக்குரிய முறையைத்தான் இனிக் கூறுகிறோம்.

முதலாவது, நாளும் இடமும். காற்றடங்கிய நாளில், பிற படகுகள் விரைந்து சென்று அலை எழுப்பாத துறையில், அல்லது கரையேற்றி நன்கு முட்டுக் கொடுத்த நிலையில் படகு இருக்க வேண்டும். பாய்களைக் கழற்றிவிட வேண்டும். சுருட்டிய பாயும் காற்றை வாங்கும். வடம் தளர்ந்துள்ள காலத்தில் யாரும் பாய்மரத்தின்மீது ஏறலாகாது.

இரண்டாவது, அளவு. அவிழ்ப்பதற்கு முன் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு இழுப்புத் திருகிலும் மேலும் கீழும் வெளியே தெரியும் மரையின் நீளத்தை மில்லிமீட்டர் கணக்கில் எழுதிவைத்து, படமும் எடுத்துக்கொள்க. பாய்மரத்தின் பின்புறக் காடி வழியாகக் கீழிருந்து மேலே நோக்கி, மரம் நேராக உள்ளதா, எப்பக்கமாவது வளைந்துள்ளதா என்று குறிக்க. நினைவை நம்ப வேண்டாம். உள்ளறை வேலை இரண்டு நாளில் முடியும் என்று தொடங்கி இரண்டு மாதம் ஆவது உலக வழக்கு.

மூன்றாவது, துணைக் கட்டு. பாயை ஏற்ற உதவும் ஏற்றுக்கயிறுகள் பாய்மரத்தின் உச்சியிலிருந்து வருபவை. அவற்றுள் வலுவானவற்றை முன்னும் பின்னும் பக்கங்களிலும் உறுதியான பிடிகளில் கட்டி மிதமாக இழுத்துவைக்க வேண்டும். இவை வடத்திற்கு மாற்றாகா. தவறு நேர்ந்தால் மரம் ஒரேயடியாகச் சாயாமல் காப்பவை.

நான்காவது, முட்டு. உள்ளறையில் பாய்மரத்தின் அடிக்கு நேர் கீழே தற்காலிக முட்டு நிறுத்த வேண்டும். அதன் அடி படகின் மெல்லிய ஓட்டின்மீது நிற்கலாகாது. ஏராவோடு சேர்ந்த வலுவான குறுக்குச் சட்டங்களில் நிற்க வேண்டும். மேலும் கீழும் அகன்ற பலகை வைத்தால் விசை பரவும். முதலில் முட்டைத் தளர்வாக நிறுத்துக. வடங்கள் தளர்ந்தபின் மேல்தளம் தன் இயல்பான வடிவத்திற்குச் சற்று எழும்பும். அப்போது ஆப்பு வைத்து முட்டைப் பொருத்துக. தளத்தை மேலே தூக்கும் அளவுக்கு அடிக்க வேண்டாம்.

இனித் தளர்த்தும் முறை. இழுப்புத் திருகு தானே சுழலாதபடி மாட்டியுள்ள காட்டர் பின்களை முதலில் எடுக்க வேண்டும். பின்வடத்திலிருந்து தொடங்குவது நலம். அடுத்துப் பக்கவடங்களை இணை இணையாகத் தளர்த்துக: இடப்புறத்தில் ஒரு முழுச்சுற்று, உடனே வலப்புறத்தில் ஒரு முழுச்சுற்று. ஒரு புறத்தை முழுதும் தளர்த்திவிட்டு மறுபுறம் போகலாகாது. எத்தனை சுற்று என்பதை ஒவ்வொரு வடத்திற்கும் தனித்தனியே எழுதிக்கொண்டே செல்க. திருகின் உடலைத் திருப்பும்போது வடத்தின் முனையை வேறொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் வடம் முறுக்கேறும். துருவேறா எஃகின் மரை, எண்ணெய்ப் பசையின்றி அழுத்தத்தில் சுழன்றால் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு அசையாது போகும். ஆகவே முன்பே கிரீஸ் இடுக. திருகு கடினமாகச் சுழன்றால் வலிந்து திருப்பாமல் நிறுத்திக் காரணம் காண்க.

எவ்வளவு தளர்த்துவது? கையால் அசைத்தால் வடம் எளிதாக ஆடவேண்டும். ஆனால் மரத்தைப் பிடித்துக்கொண்டும் இருக்கவேண்டும். மேல்தளத்தின்மீது நிற்கும் மரம், வடங்கள் மிகத் தளர்ந்த நிலையில் ஓர் அலை வந்து படகை உலுக்கினால் தன் இருப்பிடத்திலிருந்து நழுவக்கூடும். மரை முழுதும் வெளியே வரும்வரை எத்திருகையும் அவிழ்க்கலாகாது. தண்டின் குறுக்களவைப் போல் ஒன்றரை மடங்கு நீளமாவது உள்ளே இருக்கட்டும். பிடிதகடு ஒன்றைக் கழற்ற வேண்டுமாயின், அவ்வடத்தின் வேலையைச் செய்ய ஓர் ஏற்றுக்கயிற்றை அருகிலுள்ள வலுவான பிடியில் கட்டிய பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றுக.

உள்ளே வேலை முடிந்ததும் உடனே இறுக்கிவிட ஆவல் எழும். அதை அடக்க வேண்டும். புதிய குறுக்குத் தடுப்பைப் படகின் ஓட்டோடு ஒட்டும் எப்பாக்சிப் பசை, தொட்டால் காய்ந்ததாகத் தோன்றினும் முழு வலிமை பெற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். குளிர்ந்த பருவத்தில் இன்னும் நாளாகும். அதற்குமுன் டன் கணக்கான விசையை அதன்மீது ஏற்றினால் புதிய மரமும் புதிய பசையும் வீணாகும்.

மீண்டும் இறுக்குவது தளர்த்தியதன் மறுதலையே. ஆயினும் எழுதிவைத்த சுற்றுகளை அப்படியே திருப்பினால் போதும் என்று கருதுவது பிழை. பழைய தடுப்பு உளுத்து அமுங்கியிருந்தது. புதியது நிமிர்ந்து நிற்கிறது. மேல்தளம் சில மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலும், பழைய அளவு இப்போது மிகை இறுக்கமாகிவிடும். எழுதிவைத்த கணக்கு எங்கே தொடங்குவது என்பதைக் காட்டும். எங்கே நிறுத்துவது என்பதைப் புதிதாக அளந்தே அறிய வேண்டும்.

முதலில் பாய்மரத்தை நடுவில் நிறுத்துக. உச்சியிலிருந்து வரும் ஏற்றுக்கயிற்றின் முனையை இடப்புறப் பிடிதகட்டில் தொடவைத்து அளந்து, அதே கயிற்றை வலப்புறம் கொண்டுசென்று பார்த்தால், மரம் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பது தெரியும். பின்பு முன்வடத்தாலும் பின்வடத்தாலும் மரத்தின் முன்பின் சாய்வை அமைத்து, மேற்பக்கவடங்களை இருபுறமும் சமமான சுற்றுகளாக இறுக்குக. கீழ்ப்பக்கவடங்களால் மரத்தின் நடுப்பகுதியை நேராக்குக. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு காடி வழியாக மேலே நோக்குதல் வேண்டும்.

இறுக்கத்தை அளக்க விலையுயர்ந்த கருவி இல்லாதவர்க்கும் எளிய வழி உண்டு. வடம் தளர்வு நீங்கிக் கைக்கு இறுகி நிற்கும் நிலையில், இரண்டு மீட்டர் நீளமுள்ள அளவுகோலின் மேல்முனையை வடத்தோடு ஒட்டுநாடாவால் கட்டுக. கீழ்முனை வடத்தில் எங்கே நிற்கிறதோ அங்கே நுண்ணிய கோடு இடுக. இறுக்க இறுக்க வடம் நீளும். கோடு அளவுகோலின் முனையைவிட்டு விலகும். பத்தொன்பது கம்பி எஃகு வடத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டர் விலகலும், வடம் அறும் விசையில் நூற்றுக்கு ஐந்து பங்கைக் குறிக்கும். மூன்று மில்லிமீட்டர் விலகினால் நூற்றுக்குப் பதினைந்து. மேற்பக்கவடங்களுக்குப் பல படகுகளில் இதுவே பொருத்தம். முன்வடமும் பின்வடமும் அதைவிடச் சற்று மிகையாக, நூற்றுக்கு இருபது வரை இருக்கலாம். படகு செய்தவர் வேறு அளவு குறித்திருந்தால் அதுவே மேலானது.

இவ்விறுக்கத்தை ஒரே மூச்சில் தரவேண்டாம். இரண்டு மூன்று நாள்களில் படிப்படியாகத் தருக. ஒவ்வொரு படியிலும் உள்ளறைக்குள் சென்று புதிய தடுப்பின் ஒட்டில் கீறல் விழுந்துள்ளதா, கதவு தடையின்றி மூடுகிறதா என்று பார்க்க. காலையில் எளிதாக மூடிய கதவு மாலையில் இறுகினால், அங்கே நிறுத்திவிட வேண்டும்.

இறுதிச் சோதனை காற்றிலேயே நடக்கும். மிதமான காற்றில் படகைப் பதினைந்து, இருபது பாகை சாய ஓட்டுக. காற்று வீசும் பக்கத்து வடம் இறுகியிருக்கும். மறுபக்கத்து வடம் சற்றே இளகலாம், ஆனால் தொங்கி ஆடலாகாது. ஆடினால், தளர்ந்த அப்பக்கத்து வடத்தைச் சிறிது இறுக்கி, படகைத் திருப்பி, மறுபக்கத்திலும் அதே எண்ணிக்கை இறுக்குக. எல்லாம் சரியானதும் ஒவ்வொரு திருகிலும் காட்டர் பின்னை மாட்டி முனையை விரித்துவிட வேண்டும். இச்சிறு ஊசியை மறந்தால், முன்செய்த உழைப்பெல்லாம் திருகு தானே சுழன்று அவிழ்வதால் அழியும். சில வாரங்களுக்குப் பின் மறுமுறை சோதிப்பதும் கடமை.

பாய்மரம் வீழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் காலத்திலேயே சான்று உண்டு. 2018 செப்டம்பர் 21-ஆம் நாள், தென் இந்தியப் பெருங்கடலில், தனியே உலகைச் சுற்றும் பந்தயத்தில் இருந்த நமது கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் 'துரியா' கடும்புயலில் உருண்டு பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு அசையமுடியாது கிடந்த அவரை, மூன்று நாள் கழித்துப் பிரெஞ்சுக் கப்பலொன்று மீட்டது. அது இயற்கையின் சீற்றம். மனிதர் தடுக்க இயலாதது. பின்னர் அவர் மீண்டும் அதே பந்தயத்தில் இறங்கி, 2023-இல் இரண்டாமவராக வந்து சேர்ந்தார். புயலை நாம் அடக்க முடியாது. ஆனால் துறையில் காற்றற்ற பிற்பகலில், அவசரத்தால் அறுக்கப்பட்ட ஒரு தாங்குகாலால் பாய்மரம் சாயுமாயின், அதற்குப் புயலைக் குறைகூற முடியாது.

பாய் விரித்துக் கொழும்புக்குச் சென்றுவந்த தூத்துக்குடித் தோணிகளில் நம் முன்னோர் கயிற்றின் இறுக்கத்தைக் கையால் அறிந்தார்கள். நார்க்கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். தன் நிலையைத் தானே சொல்லும். எஃகு வடம் அவ்வாறு பேசாது. இறுக்கம் மாறினாலும் பெரும்பாலும் ஒரே தோற்றத்தோடு நிற்கும். ஆதலால் அதன் சார்பில் அளவுகோல் பேசவேண்டும், குறிப்பேடு பேசவேண்டும்.

லிங்கராஜபுரத்துக் கொத்தனார் சுவரைத் தொடுமுன் அண்ணாந்து பார்க்கிறார். படகின் உள்ளறையில் உளியை எடுப்பவரும் அவ்வாறே ஒருமுறை மேலேறி வடங்களைப் பார்த்துவிட்டு வரட்டும். பாரம் எங்கே இறங்குகிறது என்று அறிந்தவர் கையில் படகும் பிழைக்கும், அதில் செல்பவரும் கரை சேர்வர்.